முதல் முறையாக வந்திருப்பவர்கள்

ஒரு ஜோடி செருப்புகூடக் காணோமே. எல்லோரும் எங்கே கழற்றி வைத்திருப்பார்கள்? உள்ளே பாட்டு ஆரம்பித்துவிட்டது, அப்படியானால் ஆட்கள் வந்துவிட்டார்கள். செருப்பு விட வேறு வாசல் இருக்கும்போலிருக்கிறது. தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. இங்கேயே விட்டுவிடுகிறேன், தொலைந்தால் தொலையட்டும்.

நாகலக்ஷ்மி கண்ணாடிக் கதவுக்குப் பக்கத்தில் சுவரோரமாகச் செருப்பைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து வைத்தாள். ஐம்பத்தெட்டு வயதில், சாமி இருக்கிற எந்த இடத்துக்குள்ளும் அவள் செருப்போடு போனதில்லை. இது வேறு சாமியாக இருந்தாலும் கால் தானாகவே நின்றுவிட்டது.

ஒரு காலத்தில் சினிமா தியேட்டராக இருந்த கட்டடம் அது. தமிழ் ஆராதனை காலை பத்து மணிக்கு, ஹிந்தி மத்தியானம், இங்கிலீஷ் சாயங்காலம் என்று பலகையில் எழுதியிருந்தது. இப்போது பத்தேகால். ஹார்பர் லைனில் மெகா பிளாக், தண்டவாள வேலைக்காக ரயில் நிறுத்தம். அதனால் மாதுங்காவிலிருந்து சயான் வரை டாக்ஸி, அங்கிருந்து செம்பூருக்கு ஆட்டோ என்று மாறி மாறி வர வேண்டியிருந்தது. சயானில் ஒரு சிநேகிதியைப் பார்க்கப் போவதாகக் கணவரிடம் சொல்லியிருந்தாள். அந்தப் பொய் அத்தனை சுலபமாக வந்ததில் அவளுக்கே கொஞ்சம் ஆச்சரியம். மகள் வந்தனாவுக்கும் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் இப்படித்தான் வந்திருக்குமோ?

எட்டு மாதங்களாக ஞாயிறு காலையில் ஆபீஸ் டிரெய்னிங் என்று வந்தனா கிளம்பிப் போகிறாள். போன வாரம் வாஷிங் மெஷினில் அவள் குர்த்தாவோடு சுற்றிச் சுற்றி வெளியே வந்தது ஒரு வட்ட ஸ்டிக்கர். ‘வரவேற்பு’ என்று நடுவில் தமிழில் இருந்தது. கீழே சபையின் பெயரும் செம்பூர் என்பதும் பாதி அழிந்திருந்தன. நாகலக்ஷ்மியை முதலில் குழப்பியது சபை அல்ல, அந்தத் தமிழ். இருபத்தேழு வயதாகியும் தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத பெண், எந்தத் தமிழை நெஞ்சில் ஒட்டிக்கொண்டு நின்றாள்? யாரை வரவேற்றாள்? அதுவும் அவள்.

வந்தனாவுக்கு ஆறு வயதிலிருந்து திக்கும். தொலைபேசியில் பேசமாட்டாள். ஹோட்டலில் தனக்கு வேண்டியதைக் கேட்கமாட்டாள், மெனுவில் விரலை வைத்துக் காட்டுவாள். அவள் ஆரம்பிக்கிற வாக்கியங்களை நாகலக்ஷ்மி முடித்துக் கொடுப்பாள். ரயில்வேயில் முப்பத்தைந்து வருஷம் இருந்துவிட்டு ஓய்வு பெற்ற கணவர் ஜகந்நாதன், மகள் பேச்சில் சிக்கிக்கொள்ளும்போதெல்லாம் பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். தான் பார்த்தால் அவளுக்கு இன்னும் கஷ்டமாகும் என்பது அவர் எண்ணம். வந்தனாவுக்குத் தெரிந்ததெல்லாம் பேப்பர்தான்.

உள்கதவைத் திறந்ததும் ஏசி முகத்தில் அறைந்தது. இரண்டாயிரம் பேராவது இருப்பார்கள். மேடையில் டிரம்ஸ், கிடார். இரண்டு பக்கமும் பெரிய திரைகளில் பாட்டின் வரிகள் ஓடின. கை உயர்த்தியவர்கள், கண் மூடியவர்கள், குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்துக்கொண்டே பாடுகிறவர்கள். அழுதுகொண்டிருந்த ஒரு பெண், அழுகை முடிந்ததும் மூக்கைத் துடைத்துவிட்டுப் பக்கத்துப் பெண்ணிடம் ஏதோ சொல்லிச் சிரித்தாள். கோவிலில் அரை நிமிஷ தரிசனத்துக்கு முழங்கையால் இடம்பிடித்துப் பழகியவளுக்கு இத்தனை சாவகாசம் புதிதாக இருந்தது. இவர்களெல்லாம் எதற்காக வருகிறார்கள் என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்க வேண்டும்போல் இருந்தது.

கழுத்தில் அடையாள அட்டை தொங்கிய ஒரு பெண் அவள் கையைப் பிடித்து, கடைசி வரிசையில் உட்காரவைத்து, தானும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அட்டையில் முருகம்மாள் என்று இருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் கூல்டிரிங்க் டம்ளர் வைக்கிற பழைய பள்ளம். அதில் முருகம்மாளின் மூக்குக் கண்ணாடிக் கூடு.

“அக்கா புதுசா? தனியாவா வந்திய?”

“ஆமாம்.”

முருகம்மாள் குனிந்து பார்த்தாள். “செருப்பு எங்கக்கா?”

“வெளில விட்டுட்டேன்.”

அப்போதுதான் நாகலக்ஷ்மியும் பார்த்தாள். முன்னால் இருந்த வரிசை முழுக்கச் செருப்பு, ஷூ, ஹீல்ஸ். காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

முருகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். “நானும் மொத நாளு அப்படித்தான் வெளிய விட்டுட்டு வந்தேன். ஊர்ல எங்க கோயில்ல வெளியதான விடுவோம். திரும்பி வந்து பாத்தா ஒத்தச் செருப்புக்கூட இல்ல. வெறுங்காலோட தாராவி வரைக்கும் போனேன். பதினோரு வருசமாச்சு, எங்க வீட்டுக்காரர் இன்னும் சொல்லிக் காட்டுதாரு.” பிறகு ஒரு அட்டையும் பேனாவும் நீட்டினாள். “பேரு, போன் நம்பரு. யாரு கூட்டிட்டு வந்தாவன்னு இங்கன எழுதுங்க.”

நாகலக்ஷ்மி பெயரை எழுதினாள். யார் கூட்டி வந்தது என்ற இடத்தில் பேனா நின்றது.

“யாரும் கூப்பிடலை,” என்றாள்.

“கூப்பிடாமலா வந்திய?” முருகம்மாள் அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தாள். “அப்ப அத சும்மா விட்ருங்க.”

பாட்டு நின்றது. மேடையின் ஓரத்திலிருந்து, கையில் மைக்கும் காகிதமுமாக வந்தனா நடந்து வந்தாள்.

திரை இரண்டிலும் அவள் முகம் பெரிதாக விழுந்தது. காலையில் உப்புமா சாப்பிட்டுவிட்டுப் போன அதே முகம், அதே பச்சைக் குர்த்தா. இவளை யார் மேடையில் ஏற்றினது? வேடிக்கை பார்க்கவா?

“எல்லாருக்கும் காலை வணக்கம். இன்னைக்கு மு... மு...”

வாய் குவிந்தபடியே நின்றுவிட்டது. கழுத்து நரம்பு இழுத்தது. இருபது வருஷப் பழக்கம், நாகலக்ஷ்மியின் நாக்கு தானாக அசைந்தது.

“முதல்,” என்றாள்.

நினைத்ததைவிடச் சத்தமாக வந்துவிட்டது. அங்கே வேறு சத்தமே இல்லை. முன்னால் இருந்த வரிசையில் ஒரு பெரியவர் திரும்பிப் பார்த்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தூங்குகிற குழந்தை இருக்கிற வீட்டில் பாத்திரத்தைக் கீழே போட்டவளைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

நாகலக்ஷ்மி உதட்டைக் கடித்துக்கொண்டாள். இரண்டாயிரம் பேரும் பேசாமல் இருந்தார்கள். யாரும் இருமவில்லை, யாரும் உற்சாகப்படுத்தவில்லை, யாரும் தலையைக் குனிந்துகொள்ளவில்லை. ஒரு குழந்தை மட்டும் பிஸ்கட் உறையைக் கசக்கியது. ஐந்து, ஆறு, ஏழு என்று அவள் மூச்சை எண்ணினாள். வீட்டில் இரண்டுக்கு மேல் போனதில்லை. இரண்டுக்குள் தானே முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள்.

“முதல் முறையாக வந்திருப்பவர்கள் கையை உயர்த்துங்க,” என்றாள் வந்தனா. “உங்களை நாங்க தெரிஞ்சுக்கணும்.”

அங்கங்கே கைகள் உயர்ந்தன. நாகலக்ஷ்மியின் கை மடியிலேயே இருந்தது. முருகம்மாள் அதைப் பார்த்துவிட்டு மேடைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அந்தப் பொண்ணு எப்பவும் அப்படித்தான்,” என்று பிறகு காதருகே சொன்னாள். “கொஞ்சம் நேரம் எடுக்கும். இருந்தா என்ன? நமக்கு ட்ரெயினா போயிரப் போவுது? அதுவே இன்னைக்கு ஓடல.”

நாகலக்ஷ்மி சிரித்தாள். இத்தனை பேர் சேர்ந்து செய்த ஒன்றை, ஒரு வீட்டுக்குள் மூன்று பேரால் செய்ய முடியவில்லையா? தான் உதவி என்று நினைத்துச் செய்ததெல்லாம் என்ன? பதில் கிடைப்பதற்குள் பிரசங்கம் ஆரம்பித்துவிட்டது. அதில் பாதிக்கு மேல் அவள் காதில் ஏறவில்லை. கடைசியில் திரையில் வந்த அறிவிப்பு மட்டும் பதிந்தது. அடுத்த மாதம் ஞானஸ்நானம் எடுக்கிறவர்கள் பெயர் கொடுக்கலாம்.

வெளியே வந்தபோது சுவரோரத்தில் செருப்பு இல்லை. சற்றுத் தள்ளிப் பெஞ்சில் வந்தனா உட்கார்ந்திருந்தாள். செருப்பு அவள் மடியில் இருந்தது. இடது வாரில், மாதுங்கா ஸ்டேஷன் வாசலில் செருப்புத் தைக்கிற மோச்சி கறுப்புத் தோலில் போட்ட பழுப்பு நூல் தையல்.

“இதைப் பார்த்ததுமே தெரிஞ்சுடுத்து,” என்றாள். “ஊர்ல வேற யாரு இப்படித் தைச்சுப் போட்டுப்பா? யாரு சொன்னா நோக்கு?”

“வாஷிங் மெஷின்.”

வந்தனாவுக்குப் புரிய ஒரு கணம் ஆனது. “அந்த ஸ்டிக்கரா? அரே!” பிறகு, “அப்பாக்கு?”

“தெரியாது.”

நாகலக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்தாள். மகள் கையிலிருந்த காகிதம் கண்ணில் பட்டது. தமிழ் வார்த்தைகள் எல்லாம் ஹிந்தி எழுத்தில் எழுதப்பட்டிருந்தன. ‘முதல்’ என்பதன் அடியில் மூன்று கோடு.

“தமிழ் படிக்கச் சொல்லிக் குடுத்தப்ப அழுதியே.”

“ஒம்பது வயசும்மா அப்ப.” வந்தனா காகிதத்தை மடித்தாள். “நீதானே ‘முதல்’னு சொன்னது? மேடை வரைக்கும் கேட்டுது.”

“ஆமாம்.”

“நெனச்சேன்.” அவள் சிரிக்கப் பார்த்தாள். “கோவமா?”

“தெரியலைடி. கோவமா, பயமான்னு இன்னும் தெரியலை. பார்க்கணும்னு வந்தேன். பார்த்தேன்.”

வந்தனா செருப்பின் வாரைத் திருகிக்கொண்டிருந்தாள். “அடுத்த மாசம் நான் ஞா... ஞா...”

அந்த வார்த்தை நாகலக்ஷ்மியின் நாக்கில் முழுதாக இருந்தது. சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பது மகளுக்காகவா, அல்லது அந்த வார்த்தை வெளியே வரவே வேண்டாம் என்று தான் வேண்டிக்கொண்டிருப்பதாலா? இரண்டும்தான் என்று தோன்றியது. மூச்சை எண்ணினாள். ஒன்பதுவரை போயிற்று. எதிரே ஆட்கள் போய்க்கொண்டே இருந்தார்கள்.

“ஞானஸ்நானம் எடுத்துக்கப் போறேன்.”

“சரி, சொல்லிட்டே,” என்றாள் நாகலக்ஷ்மி. குரல் தன்னுடையதுபோல இல்லை.

“அப்பாகிட்ட நீ சொல்லிடும்மா. நீ சொன்னா கேட்டுப்பார். புனே வேலை வேண்டாம்னது, அந்தக் கேஷவ் ஜாதகம் வேண்டாம்னது, எல்லாம் எனக்காக நீதானே அவர்கிட்ட சொன்னே? ப்ளீஸ். நான் ஆரம்பிச்சா பேப்பரைத் தூக்கிண்டுடுவார்.”

நாகலக்ஷ்மி மகளின் மடியிலிருந்து செருப்பை எடுத்துக் கீழே வைத்தாள். ஒரு காலை நுழைத்தாள், மற்ற காலையும் நுழைத்தாள். உள்ளே தரையிலிருந்து ஏறிய குளிர் இன்னும் பாதத்தில் இருந்தது.

“பேப்பரை நான் எடுத்து உள்ள வச்சுடறேன்,” என்றாள். “நான் சொல்ல மாட்டேன்டி. நீயே சொல்லு.”