மேலே தங்கிய தூள்

சல்லடையின் மேல் இன்றைக்கும் மிச்சம் கிடந்தது. சேதுராமன் அதைத் தராசில் கொட்டி நிறுத்துவிட்டு, கண்ணாடிக்கு அப்பால் மெஷினடியில் நின்ற ராஜலிங்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தான்.

திகனையில் டொலமைட் கல்லை அரைத்துத் தேயிலைத் தோட்டங்களுக்கு உரமாக விற்கிற ஆலை அது. அரைத்த கல் பிரிப்பானுக்குள் போகும். சுழலும் சக்கரமும் காற்றுமாக மாவை மூட்டைக்கு அனுப்பி, குறுணியை மறுபடி அரைக்கத் திருப்பிவிடும். அது ஒழுங்காகப் பிரிக்கிறதா என்று பார்ப்பது சேதுராமனின் வேலை. மாவில் ஒரு கை அள்ளி, பித்தளைச் சல்லடையில் போட்டு, குறித்த நேரம் ஆட்டுவான். மேலே தங்குவதெல்லாம் பிரிப்பானின் குற்றம். ஆயுதபூஜை லீவு முடிந்து திறந்ததிலிருந்து குற்றம் கூடிப்போயிருந்தது.

அவனுக்குச் சந்தேகம் ராஜலிங்கத்தின் மேல். சக்கரத்தின் வேகத்தைக் குறைத்தால் வேலை சுருக்காக முடியும். குறுணியும் மாவோடு போய்விடும். கலஹாவுக்குக் கடைசி பஸ்ஸைப் பிடிக்க அவன் படுகிற அவதியை ஆலையே அறியும். தோட்டத்து லயத்து வீட்டில் அவன் மனைவி பாலம்மா நிறைமாதம். அவனோடு ஒன்றாகத் தேத்தண்ணி குடித்த சேதுராமன், இப்போது பூனை மாதிரிப் பின்னால் போய் வேகமுள்ளைப் பார்த்தான். முள் சரியாகத்தான் நின்றது. தன்னைக் கண்டதும் திருப்பி வைத்திருப்பான் கெட்டிக்காரன் என்று அதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தான். சந்தேகம் வந்துவிட்டால் மனிதனுக்கு மூளை அபாரமாக வேலை செய்கிறது.

"என்னண்ணே, கொஞ்ச நாளா மொகமே குடுக்க மாட்டேங்கிறீங்க?" என்று ராஜலிங்கம் கேட்டான்.

வேலை இருக்கிறதென்று நழுவிய சேதுராமன், நேரே மேனேஜர் மஹ்ரூபிடம் போய்ச் சொல்லிவிட்டான். மறுநாள் காலை ராஜலிங்கத்தைக் கேட்டிலேயே நிறுத்தி, இனி வரவேண்டாம் என்றார்கள்.

அன்று வேறொருவன் மெஷினை ஓட்டினான். முள்ளும் அசையவில்லை. ஆனால் சல்லடையின் மேல் அதே மிச்சம். சேதுராமன் முதல் தடவையாக அதை விரலில் தேய்த்துப் பார்த்தான். குறுணியே இல்லை, முகப்பவுடர் போல வழுக்கியது. சல்லடையை யன்னலுக்கு நேரே பிடித்தான். நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு இருட்டு. ஓரத்தில் மங்கிய குங்குமம். பூஜையன்று தராசுக்கும் சல்லடைக்கும் சந்தனம் பூசியது அவன்தான். பன்னீர் கூடி அது வலையின் நடுவில் வழிந்தபோது, நல்லதுதானே என்று விட்டவனும் அவன்தான். கண்கள் அடைபட்ட சல்லடையில் குறித்த நேரத்துக்குள் மாவு முழுதும் இறங்க வழியில்லை.

பதறிப்போய்க் குழாயடிக்கு ஓடித் தேய்த்துக் கழுவினான். காயவைத்துச் சலித்தான். எல்லாம் இறங்கிவிட்டது. சல்லடையும் கையுமாக மஹ்ரூபிடம் ஓடி, அத்தனையையும் கொட்டினான்.

அவர் சல்லடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சந்தனம் எங்க?"

"கழுவிட்டேன் சேர்."

பழைய மாவைச் சலித்துப் பார்க்கலாமா என்றார். மூட்டைகளெல்லாம் லொறியில் போய்விட்டிருந்தன.

"அவன் போன அன்னைக்கே கணக்கு சரியாயிட்டு, சேது. அப்ப நேத்து நீங்க சொன்னது சரிதானே?" அவர் குரல் உயரவில்லை. "இதுக்குள்ள அவனுக்காக யாரு வந்து ஒங்களப் பாத்தது?"

யாரும் வரவில்லை என்றான் சேதுராமன். அவன் காதுக்கே அது பொய்யாகக் கேட்டது. கேட்டுக்கு வெளியே, சாப்பாட்டுப் பார்சலைக் கையில் பிடித்தபடி ராஜலிங்கம் இன்னும் போகாமல் நின்றான்.

மஹ்ரூப் சல்லடையை வெளிச்சத்துக்குத் தூக்கினார். மேசை மேல் வட்டமாக வெயில் விழுந்தது. அதில் ஒரு பொட்டு நிழல்கூட இல்லை.