ஹெத்விகாவின் பியர்க்கடை ஆற்றைக் கடந்தது

ஸ்லோவாக் பக்கத்து ப்ரோட்ஸ்கே ஊரில் ஹெத்விகாவின் பியர்க்கடை சனிக்கிழமைதோறும் ஒரு கட்டில் நீளம் மேற்கே நகர்ந்தது. செக்கும் ஸ்லோவாக்கும் தனித்தனி நாடான மறு வசந்தத்தில் இது தொடங்கியது. முதலில் அதைக் குடிகாரர் பேச்சு என்று தள்ளினோம். விறகுக்கொட்டகை பின்தங்கிப்போய், தண்ணீர்க் குழாயை இழுத்து நீட்ட வேண்டி வந்தபோது நம்பினோம். பீப்பாய் கொண்டுவரும் லாரிக்காரர் வாராவாரம் இன்னும் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார். திங்கட்கிழமை காலையில் வாசற்படி எங்கே இருக்கிறதோ அதுவே கடையின் முகவரி என்று ஊராட்சி தீர்மானம் போட்டது.

காரணம் ரயில் பாட்டு. ஹெத்விகாவின் அண்ணன் வெந்தெலின், டிராக்டர் மெக்கானிக், மவுத்ஆர்கனில் அமெரிக்க ரயிலைக் கிளப்புவான், கூடவே கடையும் கிளம்பும். இரு நாட்டுக்கும் எல்லையான மோராவா ஆற்றுக்கு அக்கரையில் செக் பக்கத்து லான்ஷோட்டிலிருந்து லுபோர் வந்து, தகர வயிற்றுக் கிதாரில், உடைந்த கண்ணாடிப் பாட்டிலின் கழுத்தை விரலில் மாட்டிக் கம்பிமேல் உருட்டி வாசிப்பான். இருவரும் அமெரிக்காவைக் கண்டதில்லை. வாலிபத்தில் வெளிநாட்டு வானொலியைக் காதில் ஒட்டவைத்து ப்ளூஸ் என்ற அமெரிக்கக் கறுப்பர் இசையைக் கற்றவர்கள். யாரும் கேட்கக்கூடாதென்று அன்றைய அரசாங்கம் அதன்மேல் ஓயாத இரைச்சலை ஏவியிருந்தது. அதையும் பாட்டென்றே நினைத்துக் கற்றுக்கொண்டார்கள். இன்றும் லுபோர் சரணத்துக்குச் சரணம் தொண்டையில் அந்த இரைச்சலை இரைவான், அதற்குத்தான் கைதட்டல் அதிகம்.

லுபோருக்கும் ஹெத்விகாவுக்கும் வெகுகாலக் காதல். கல்யாணம்தான் நடக்கவில்லை.

"அக்கரைக்கு வந்துடு ஹெத்வி. பிளம் தோட்டம், பெரிய வீடு, எல்லாம் சும்மா கிடக்கு."

"சும்மா கிடக்கிறது நீதான். கடையை விட்டுட்டு வந்து உன் பிளம் மரத்துக்கா பியர் ஊத்தச் சொல்ற? நீ வா இங்க."

"எங்கப்பா கட்டின வீட்டை விட்டுட்டு ஒரு நாள் வெளிய படுக்க மாட்டேன்."

வாராவாரம் இதே பேச்சு. எனக்குக் கேட்டே அலுத்துவிட்டது. இரண்டு கழுதைகளில் எது பெரிது என்று சொல்வது கஷ்டம்.

கோடையில் கடை மோராவா ஆற்றங்கரைக்கே வந்துவிட்டது. லுபோர் மேசையைத் தட்டிச் சிரித்தான். "இன்னும் சில சனிக்கிழமைதான்டா மச்சான். அப்புறம் உன் தங்கச்சி தானா எங்க ஊருக்கு வந்துடுவா."

ஹெத்விகா பியர்க் குழாயை மூடினாள். "என்னைக் கேக்காம என் கடையைக் கடத்துறியா? எழுந்து வெளிய போடா!"

போனான். பாலத்தைத் தாண்டும்வரை திரும்பிப் பார்க்கவில்லை. ரயில் பாட்டுக்கு அன்றே தடை.

அதன்பின் அந்தக் கடையில் யாராலும் ஐந்து நிமிஷம் உட்கார முடியவில்லை. கிளம்பத் துடிக்கும் ரயில்போலக் கண்ணாடிக் குவளைகள் அலமாரியில் நடுங்கின. சீட்டாடுகிறவர்கள் நின்றுகொண்டே ஆடினார்கள். ஹெத்விகா துடைத்த மேசையையே துடைத்தாள், ஜன்னலுக்குப் போனாள், வந்தாள், மறுபடி போனாள். இலை உதிரத் தொடங்கிய ஒரு சனிக்கிழமை மதியம், குவளைகளைத் துணியில் சுற்றிவைத்துவிட்டு அண்ணனிடம் சொன்னாள்.

"வாசி."

"லுபோர் இல்லாமயா? எனக்குக் கிளப்பத்தான் தெரியும். நிறுத்துறது அவன் கிதாரு."

அது உண்மை. அந்த இசையில் எல்லோரும் கிளம்பிப் போகிறார்கள், வந்து சேர்ந்த ஆளைப் பற்றி ஒரு பாட்டும் இவர்களுக்குத் தெரியாது.

"வாசிண்ணே. இனிமே என்னால முடியல."

வெந்தெலின் வாசித்தான். கடை ஆற்றில் இறங்கியது. தண்ணீர் கணுக்கால்வரை வந்தது; காலைத் தூக்கிக்கொண்டு குடித்தோம். அக்கரைக் காவலர் எங்கள் பாஸ்போர்ட்டுகளைப் பார்த்தார், கடைக்கு இல்லாததால் கதவு நிலையில் முத்திரை குத்தினார். லான்ஷோட் வந்தது. பிளம் மரங்களுக்கு நடுவே போனோம். லுபோர் வீட்டு வாசலில் சூப் குடித்துக்கொண்டிருந்தான். கடை நிற்கவில்லை.

ஹெத்விகா கதவைப் பிடித்துக்கொண்டு கத்தினாள். "நிக்காது லுபோர்! உனக்காகத்தான் வந்தேன், ஆனா நிக்காது!"

அவன் வீட்டைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். கிண்ணத்தைப் போட்டுவிட்டுக் கிதாரோடு ஓடிவந்தான். அவன் சட்டையைப் பிடித்து அவள் உள்ளே இழுத்தாள். மூச்சு வாங்க, பாட்டில் கழுத்தை விரலில் மாட்டிக்கொண்டு கேட்டான்.

"நிறுத்தவா?"

ஹெத்விகா பின்னால் ஆற்றைப் பார்த்தாள், முன்னால் அறுத்துக் கிடந்த வயல்களைப் பார்த்தாள். முகத்தில் கோபம் துளியும் இல்லை.

"இரு. இன்னும் கொஞ்சம் போகட்டும்."

திங்கட்கிழமை வேலை இருந்ததால் நாங்கள் அடுத்த ஊரான ப்ரெட்ஸ்லாவில் குதித்து, ரயிலேறி ஊர் திரும்பினோம். வெந்தெலின் இறங்கவில்லை, அவன் இறங்கினால் வாசிக்க ஆள் வேண்டுமே. போன மாதம் கடை இன்னும் மேற்கே, தாபோர் ஊர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். தபால்காரர்கள் கூடவே நடந்து கடிதம் கொடுக்கிறார்களாம்.