பதினேழாம் நம்பரின் ஆறு நாள்

சரக்குக் கொட்டகையில் பதினேழாம் நம்பர் கூட்டத்துக்கு ஒன்பது ஆட்கள். அதில் ஒருவனுக்குப் பெயர் அட்டவணை. பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் கிடந்து மங்கிக்கொண்டிருந்தது. மீன் பெட்டி ஏற்றினாலும் உப்பு மூட்டை இறக்கினாலும் அவன் வாய் மட்டும் பயணத்தில் இருக்கும்.

"காலையில ஏழு மணிக்குக் கரையோர ரோடு. இடது பக்கம் கடல், வலது பக்கம் தென்னை..."

"போன வாரம் கடல் வலது பக்கம்னு சொன்னியே?" என்பான் பின்னால் மூட்டையோடு வருகிறவன்.

"அது திரும்பி வரும்போதுடா, மடையா."

அவன் கடலைப் பார்த்ததில்லை. பதினெட்டு வருஷமாக ஐஸ் உருகி, மீன் நாற்றத்தோடு முதுகில் வழிந்த தண்ணீர்தான் அவனுக்கும் கடலுக்கும் இருந்த உறவு. பெட்டிகளின் மேல் கறுப்பு மையில் துறைமுகங்களின் பெயர்கள் இருக்கும். எழுத்துக் கூட்டி வாசித்து வாசித்து, ஒருநாள் ஆசை பிடித்துக்கொண்டது. ஆசை என்றால் சின்ன ஆசை இல்லை. இரண்டு மாகாணக் கரை, மூன்று தீவு, ஆறு நாள்.

லாரி டிரைவர்களைப் பிடித்தான். சரக்கு இறங்கும்வரை அவர்களுக்கு வேலை கிடையாது. டீ வாங்கிக் கொடுத்தால் போதும். துறைமுகத்திலிருந்து பெரிய தீவுக்கு எத்தனை மணிக்குக் கப்பல், எந்த விடுதியில் மூட்டைப்பூச்சி, எந்த வளைவில் போலீஸ் நிற்பான், எல்லாம் கேட்டான். ஒரு டிரைவர் சொன்னதை நம்ப மாட்டான். மூன்று பேர் ஒன்றுபோலச் சொன்னால்தான் சரக்குச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதுவான். இப்படி இரண்டு வருஷம். எழுதினதை டீ நேரத்தில் சத்தமாக வாசிப்பான். முதலில் சிரித்தார்கள். அப்புறம் கேட்டார்கள். அப்புறம் அவன் விட்ட இடத்தில் அவர்களே எடுத்துக் கொடுக்கிற அளவுக்கு மனப்பாடம் ஆயிற்று.

வருஷத்துக்கு ஒருமுறை குளிர் அறைகளைக் கழுவிக் காயவைக்கிற ஆறு நாள் லாரி வராது. அந்த ஆறு நாளில் போவது என்று முடிவானது. எட்டு சீட் வேன் பேசினார்கள்.

ஒன்பது ஆளுக்கு எட்டு சீட் எப்படி? அதற்குக் காரணம் கொட்டகையின் கேட். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் காலை ஆறரைக்கு டோக்கன்காரர் கேட்டில் நின்று ஒவ்வொரு கூட்டத்தின் நம்பரையும் கூப்பிடுவார். கூட்டத்தில் ஒரு வாயாவது "இருக்கோம்" என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை கூப்பிட்டும் சத்தம் இல்லையென்றால் அந்த நம்பர் அடிபடும். வெளியே வருஷக்கணக்கில் காத்திருக்கிற கூட்டத்துக்குப் போய்விடும். சாவு விழுந்தாலும் ஒருவன் கேட்டில் நின்றுவிட்டுத்தான் பிணம் தூக்க வருவான். வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்பது அந்தக் கொட்டகையில் பழமொழி இல்லை, சட்டம்.

நிற்பதற்குக் கட்டையன் இருந்தான். அவன் பெண்டாட்டிக்கு அந்த வாரம்தான் பிரசவம் என்று நாள் குறித்திருந்தது. ஆனால் பிள்ளை பத்து நாள் முந்திப் பிறந்துவிட்டது. புறப்படுவதற்கு முந்தின நாள் கட்டையன் கொட்டகைக்கு வந்து, மிட்டாய் கொடுத்த கையோடு, "நானும் வர்றேன்" என்றான்.

மேஸ்திரி கூட்டத்தை உப்பு மூட்டை அடுக்கின் மேல் உட்காரவைத்தார். மேஸ்திரி வேறு யாருமில்லை, அட்டவணையின் கூடப்பிறந்த தங்கச்சி புருஷன்.

"ஒருத்தன் நிக்கணும். யாரு?"

மேஸ்திரி பல்லைக் குச்சியால் குத்திக்கொண்டே ஒவ்வொருவராகப் பார்த்தார். பார்வை கடைசியில் வந்து நின்றது.

"மச்சான், நீ நில்லு."

அட்டவணை சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். "என்ன மாப்ள, பாதை சொல்றவன விட்டுட்டுப் போனா எங்க போய் முட்டுவீங்க?"

"அதான் எழுதி வெச்சிருக்கியே. கப்பல் டிக்கெட் குடுக்கிற பொம்பளைக்குக் காது மந்தம்ங்கிறது வரைக்கும் எழுதியிருக்க. இனிமே நீ எதுக்கு?"

எல்லாரும் சிரித்தார்கள். மேஸ்திரிக்குத் தன் பேச்சு தனக்கே பிடித்துவிட்டது.

"யோசிச்சுப் பாரு. இங்க உள்ளவன்ல கடலப் பத்தி நல்லாத் தெரிஞ்சவன் நீதான். தெரிஞ்சதையே போய் எதுக்குப் பாக்கணும்? தெரியாதவன் போய்ப் பாக்கட்டும். நியாயமா இல்லையா?"

"நியாயம்தான்," என்றான் கட்டையன் முதல் ஆளாக.

"குலுக்கிப் போடுவோம் மாப்ள. சீட்டு எழுதிப் போடு. என் பேரு வந்தா நிக்கிறேன்."

"சின்னப் புள்ளையா நீ? ஆறு நாள் கேட்ல நின்னு 'இருக்கோம்'னு கத்திட்டு வீட்டுக்குப் போய்ப் படுத்துத் தூங்கு. எனக்கெல்லாம் அப்படி ஒரு பாக்கியம் கிடைக்குமா?"

அட்டவணை நிற்கச் சம்மதமென்றால் கை தூக்கச் சொன்னார் மேஸ்திரி. எட்டுக் கை உயர்ந்தது. அட்டவணை எண்ணிப் பார்த்தான், தன் கை தவிர எல்லாம் இருந்தது. பாதை எழுதின சரக்குச் சீட்டுக் கட்டை மேஸ்திரி கேட்டார். கொடுத்தான். ஒரு சீட்டு கீழே விழுந்தது. அதையும் குனிந்து அவனே எடுத்துக் கொடுத்தான். அப்போதுதான் கட்டையன் தலையைச் சொறிந்துகொண்டு, "அண்ணே, உன் பை சும்மாதான கெடக்கும்? எனக்குப் பை இல்ல" என்றான்.

பை வீட்டில் இருந்தது. ஒரே அறை வீடு. கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவில் ஆணியில் மாட்டியிருந்தது. படகில் தண்ணீர் தெறிக்கும் என்று அவன் சொன்னதற்காகப் பெண்டாட்டி உள்ளே பிளாஸ்டிக் தாள் வைத்துத் தைத்திருந்தாள். பையை எடுத்துப் போக வந்த கட்டையனிடம் அவளே கழற்றிக் கொடுத்தாள். கதவைச் சாத்திவிட்டுத் திரும்பிப் புருஷனைப் பார்த்தாள்.

"பை கூடக் கடலப் பாக்கப் போகுது."

அவன் பை மாட்டியிருந்த ஆணியில் சட்டையைக் கழற்றி மாட்டினான்.

"உன் தங்கச்சி புருஷன்தான? 'முடியாது'ன்னு ஒரு வார்த்தை வாயில வரலியா? ரெண்டு வருஷமா இந்த ரூம்ல உன் கப்பல் சத்தத்தக் கேட்டுக் காது போச்சு எனக்கு. வேண்டிய நேரத்துல வாய் எங்க போச்சு? அடகு வெச்சுட்டியா?"

"ஒருத்தன் நின்னாகணும்ல."

"ஆமா, கழுதை நின்னாத்தான் பொதி போகும்," என்று சொல்லிவிட்டு அடுப்புப் பக்கம் போனாள்.

முதல் நாள் காலை ஆறரைக்குக் கேட்டில் நின்றான். "பதினேழு" என்றார் டோக்கன்காரர். "இருக்கோம்" என்றான். கரையோர ரோட்டுக்கு அவர்கள் வர இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது என்று மனசு சொன்னது. இரண்டாம் நாள் "இருக்கோம்" என்றபோது அவர்கள் பெரிய தீவுக்குக் கப்பல் ஏறியிருப்பார்கள். அன்று முழுக்க வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு, நேரம் நேரமாகக் கூடவே போனான். இப்போது இறங்குவார்கள். இப்போது குன்று ஏறுவார்கள். மேலே நின்று பார்த்தால் இரண்டு மாகாணக் கரையும் ஒருசேரத் தெரியும். அதை நாலு டிரைவர் சொல்லியிருக்கிறார்கள். தான் போகாவிட்டாலும் தன் பாதை போகிறது என்று தன்னையே தேற்றிக்கொண்டான். பாவி, உண்மையாகவே கொஞ்சம் தேறியும் இருந்தான்.

மூன்றாம் நாள். கேட்டில் கூட்டங்கள் வந்து நின்றுகொண்டிருந்தன. டோக்கன்காரர் நோட்டைப் பிரித்து ஒன்றிலிருந்து ஆரம்பித்தார். அட்டவணையின் போன் அடித்தது. மேஸ்திரி.

"மச்சான், பழைய படகுத்துறையில நிக்கிறோம். ரெண்டு படகு நிக்குது. வெள்ளையா, பச்சையா? உன் எழுத்து ஈரத்துல அழிஞ்சு போச்சு."

"பச்சை. விளக்குத் தீவுக்குப் பச்சைதான்," என்றான். குரல் தானாகத் துள்ளியது. "நேத்து பெரிய தீவு எப்படி இருந்துச்சு மாப்ள? குன்று மேல ஏறினீங்களா?"

"அட, அங்க யாரு போனா?"

"போகலயா?"

"ரூம்ல தண்ணி போட்டுக்கிட்டுப் படுத்துட்டோம். ரெண்டு நாளும் நல்ல தூக்கம். கட்டையன் வாந்தி எடுத்து உன் பை பூராப் பாழ், திட்டாத, கழுவிக் குடுக்கச் சொல்றேன். இன்னிக்கும் போற நெனப்பு இல்லாமத்தான் இருந்தோம். இவன் பெண்டாட்டி போட்டோ கேக்குறாளாம், அதுக்காகத்தான் இந்தப் படகு."

பின்னால் யாரோ, "கடல் நல்லாவே இல்லண்ணே! வெறும் தண்ணி!" என்று கத்தினான். சிரிப்புச் சத்தம் போன் நிறைய வந்தது.

"பதிமூணு," என்றார் டோக்கன்காரர். "இருக்கோம்."

மேஸ்திரி குரலைத் தாழ்த்தினார். ஆறுதல் சொல்கிற குரல். நல்ல மனசோடுதான் சொன்னார்.

"உண்மையச் சொல்றேன் மச்சான், மனசு விட்டுராத. நீ பெரிசா நெனச்சுக்கிட்டு இருந்த. இங்க ஒண்ணுமில்ல. ரெண்டு வருஷம் வீணா எழுதியிருக்க. நீ வராததே நல்லதுன்னு வெச்சுக்க."

அட்டவணை போனைக் காதில் வைத்தபடி நின்றான். அலைச் சத்தம் கேட்டது. அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். படகுக்காரன் யாரையோ அதட்டுகிற சத்தம், மரத்தில் தண்ணீர் மோதுகிற சத்தம். நிஜமாகவே இருந்தது எல்லாம். அவர்கள் காலடியிலேயே இருந்தது.

"பதினேழு."

வாய் திறக்கவில்லை.

"பதினேழு!"

பக்கத்துக் கூட்டத்துக்காரன் முழங்கையால் இடித்தான். "டேய் அட்டவணை, உன் நம்பர்டா. செவிடா?"

"கேட்டுச்சு," என்றான் மெதுவாக.

அதற்குள் கம்பிக்கு வெளியே காத்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். அவர்களுக்கு மூக்கு நீளம்; ஒரு நம்பர் தடுமாறினால் மோப்பம் பிடித்துவிடுவார்கள். டோக்கன்காரர் நோட்டிலிருந்து தலையைத் தூக்கி நேராக அவனையே பார்த்தார். பதினெட்டு வருஷமாகத் தெரிந்த முகம். ஒரு மூச்சு நேரம் காத்திருக்கவும் செய்தார். அட்டவணை அவர் கண்ணைப் பார்த்தபடியே நின்றான். தன் சோறும் அந்த எட்டுப் பேர் சோற்றோடுதான் கிடக்கிறது என்று தெரியாதவன் இல்லை அவன்.

"பதினேழு. மூணு தடவை ஆச்சு."

பேனா ஒரு கோடு இழுத்தது. கம்பிக்கு வெளியே இருந்தவர்கள் உள்ளே ஓடிவந்தார்கள். முதலில் வந்தவன் தோளால் மோதியதில் அட்டவணை ஓரமாகத் தள்ளப்பட்டான்.

"அங்க என்ன சத்தம்?" என்று போனில் மேஸ்திரி கேட்டார். "சரி, பச்சைப் படகுதான? ஏறலாமா?"

"ஏறுங்க மாப்ள," என்றான். "குன்று, தீவு எல்லாம் நிதானமாப் பாத்துட்டு வாங்க. இங்க ஒண்ணும் அவசரம் இல்ல."