கிளட்ச்சை மிதித்தால் நிற்கும் ஊளை

என் தங்கை கணவருக்குத் தெரியாத விஷயம் ஒன்றே ஒன்றுதான்: வாயை மூடுவது. நேற்று சாயங்காலம் தன் பழைய காரை என் பட்டறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியவர், இறங்குவதற்கு முன்பே நோயின் பெயரைச் சொல்லிவிட்டார்.

"ஃபேன் பெல்ட் மச்சான். ஒரு வாரமா ஊளை விடுது. மாத்திட்டா சரியாயிடும்."

"நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க, அப்புறம் நான் எதுக்கு?"

பெல்ட்டில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். பெல்ட் கோளாறென்றால் சத்தம் மாறியிருக்கும்; துளியும் மாறவில்லை. கியரை நியூட்ரலில் வைத்து எஞ்சினை ஓடவிட்டேன். அடியிலிருந்து பல்லைக் கூசவைக்கும் ஊளை. கிளட்ச்சை மிதித்தேன், கப்சிப். காலை எடுத்தேன், மறுபடியும் ஊளை. அவர் தலையில் ஏறட்டும் என்று திரும்பத் திரும்பச் செய்துகாட்டினேன்.

"பார்த்தீங்களா? மிதிச்சா கியர்பாக்ஸுக்குள்ள போற ஷாஃப்ட் சுத்தாம நின்னுடும். சத்தமும் நிக்குது. அதைத் தாங்குற பேரிங் போயிடுச்சு. பாக்ஸை இறக்கணும், வண்டியை விட்டுட்டுப் போங்க."

"நாளைக்கு அவ வேலைக்குப் போகணுமே. சனிக்கிழமை கொண்டுவர்றேன்."

தங்கை வீடு மலைமேல். அவள் வேலைக்குப் போவது என் பட்டறையைத் தாண்டித்தான். வழி முழுக்க இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. பேரிங் இன்னும் சில நாள் தாங்கும் என்று தெரியும். அவரோடு வாதாடவும் எனக்குச் சலிப்பு. மெதுவாக ஓட்டச் சொல்லி அனுப்பிவிட்டேன்.

இன்று காலை போன் வந்தது.

"மச்சான், உங்க வைத்தியம் பிரமாதம்!"

"எந்த வைத்தியம்?"

"நேத்து காட்டுனீங்களே! நியூட்ரல்ல போட்டு கிளட்ச்சை மிதிச்சா சத்தமே இல்ல. கீழ வரைக்கும் இறக்கம்தானே, அப்படியே உருட்டிட்டுப் போன்னு அவகிட்ட சொல்லிட்டேன். பேரிங்கும் தேயாது, பெட்ரோலும் மிச்சம்."

"யோவ், கியர்ல வந்தாத்தான்யா எஞ்சின் வண்டியை இழுத்துப் பிடிக்கும்! வெறும் பிரேக்கை மிதிச்சுக்கிட்டே வந்தா, சூடேறி பாதி வழியில பிடிக்காமப் போயிடும்!"

அவர் குரல் உள்ளே போய்விட்டது. "முதல்ல மாட்டேன்னுதான் சொன்னா. அண்ணன் சொன்ன வைத்தியம்னேன். உடனே சரின்னுட்டா."

"கிளம்பிட்டாளா?"

"கொஞ்ச நேரமாச்சு."

அவளுக்கு அடித்தேன். ரிங் போய்க்கொண்டே இருந்தது. எடுக்க மாட்டாள். ஓட்டும்போது போனைத் தொட்டால் கையை உடைப்பேன் என்று மிரட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். என் பேச்சை அவள் தட்டியதே இல்லை. ஒரு தடவையாவது அடங்காப்பிடாரியாக இருந்து தொலைத்தால் என்ன என்று ஆத்திரமாக வந்தது.

வெளியே ஓடினேன். மலை இறக்கத்தின் கடைசி வளைவு பட்டறையிலிருந்து பார்த்தாலே தெரியும். அதற்கெதிரே இருக்கும் மதிலின்முன் பழைய டயர்களை உருட்டிப்போட்டுக் குவித்தேன். பிறகு சாலையோரம் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன். ஊளை கேட்டால் போதும், அவள் கியரில் வருகிறாள் என்று அர்த்தம். நேற்று நோய் என்று காட்டிய சத்தத்துக்காக இன்று தவமிருந்தேன்.

"கத்தித் தொலையேன், சனியனே!" என்று வாய்விட்டுத் திட்டினேன்.

முதலில் கருகல் வாடை வந்தது. பிறகு வளைவில் கார் திரும்பியது. முன்சக்கரங்களில் புகை.

"கியர் போடு! கியர் போடு!" என்று தொண்டை கிழியக் கத்தினேன்.

கண்ணாடி ஏற்றியிருந்தது. அவள் முகம் என் பக்கம் திரும்பியது. அண்ணனைப் பார்த்துவிட்ட நிம்மதி அதில் தெரிந்தது. என்னைத் தாண்டி மதிலை நோக்கிப் போகும்போதும், அந்தக் காரிலிருந்து ஊளை கேட்கவில்லை.