பகல் எப்படிப் போச்சு

கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. எங்கள் சக்குப்வா குடியிருப்பில் அறைகள் ஒட்டி ஒட்டித்தான் இருக்கும். ஒருவர் இருமினால் அடுத்த வீட்டுக்கும் கேட்கும். அந்த அறையில் மட்டும் காலையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. உள்ளே தஃபாரா, இருபத்திரண்டு வயதுப் பிள்ளை. வெளியே அவன் அம்மா ஈவெலின். ஜொகன்னஸ்பர்க் பேருந்திலிருந்து இறங்கி வந்தவள், தோள்பையைக்கூட இறக்காமல் நின்றாள்.

"உடைச்சிரலாம்மா," என்றார் கடப்பாரையோடு வந்த பக்கத்து வீட்டு முக்கான்யா. "தும்மினாலே விழற கதவு."

"கொஞ்சம் பொறுங்கண்ணே." அவள் கதவில் கை வைத்தாள். "தஃபாரா, பகல் எப்படிப் போச்சுப்பா?"

உள்ளேயிருந்து தட்டையான குரல் வந்தது. "உங்களுக்கு நல்லாப் போயிருந்தா எனக்கும் நல்லாத்தான் போச்சும்மா."

எங்கள் ஊரில் யார் கேட்டாலும் இதுதான் பதில், கண்ணுகளா. பேச வந்ததுமே பிள்ளைகளுக்கு இதைப் பழக்கிவிடுவோம். சின்ன வயதில் அவனைச் சித்தியிடம் விட்டுவிட்டு ஜொகன்னஸ்பர்க்குக்கு வீட்டுவேலைக்குப் போன ஈவெலின், ஞாயிறுதோறும் போனில் இதைக் கேட்டுத்தான் நிம்மதியாகத் தூங்கினாள். இப்போதும் அவள் முகம் தெளிந்தது.

தஃபாராவின் அக்கா ரூட்டெண்டோ பல்லைக் கடித்தாள். "இந்த வாரம் பூரா என்கிட்டயும் இதான் சொல்றான். களியைத் தொடல, வெளிச்சம் பட்டா ஆகல, ஆனா நல்லாருக்கானாம். உயிர் போறப்பவும் அந்த வாய் இதைத்தாம்மா சொல்லும்."

ஈவெலின் பையை இறக்கினாள். நெற்றியைக் கதவில் சாய்த்தாள்.

"எனக்கு நல்லாப் போகலடா."

முக்கான்யா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெற்றவள் பிள்ளையிடம் அப்படிச் சொல்லி எங்களில் யாரும் கேட்டதில்லை.

"இன்னைக்கு மட்டும் இல்ல. அங்க அடுத்தவங்க பிள்ளையக் குளிப்பாட்டுறப்பல்லாம் நல்லாப் போகல. உன்கிட்ட பொய் சொன்னேன்."

இதற்கு என்ன பதில் சொல்வதென்று அவனுக்கு யாரும் கற்றுத்தரவில்லை. உள்ளே கட்டில் கிறீச்சிட்டது. ஏதோ விழுந்தது. முக்கான்யா கடப்பாரையை ஓங்க, ரூட்டெண்டோ அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா." குரல் தரையோரமாக வந்தது. "என்னன்னு சொல்லத் தெரியல. உடம்பெல்லாம் ஈர மண்ணு மாதிரி கனக்குது."

"தெரியாட்டி இருக்கட்டும்."

"திரும்பப் போயிருவீங்களா?"

போகமாட்டேன் என்று நாக்குநுனி வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். "தெரியலடா. இன்னைக்குப் போகல."

கதவின் அடியிடுக்கில் விரல்கள் தெரிந்தன. நகம் வளர்ந்து அழுக்கேறிய விரல்கள். ஈவெலின் அப்படியே சிமெண்டுத் தரையில் கன்னத்தை வைத்துப் படுத்து, அவற்றின் அருகே தன் கையைக் கொண்டுபோனாள்.