பச்சைக் கீற்று

மஞ்சக்குப்பம் சப் கோர்ட்டில் நான் டவாலி. மூன்று முறை பேரைக் கூப்பிட்டு விட்டு ஓரமாய் நிற்பதுதான் என் உத்தியோகம். ஆனால் காதை மூடிக்கொள் என்று சர்க்கார் உத்தரவு எதுவும் போடவில்லையே.

அறுபத்து நாலில் வந்தது அமீனா பீவி வழக்கு. முதுநகரில் கயிற்றுக் கிடங்கு வைத்திருந்த விதவை. கார்த்திகை மாதம் கிடங்கின் பின்பக்கம் தீப்பிடித்தது. தீ முன்னால் பரவாமலிருக்கத் தெருக்காரர்கள் முன்பக்கத்து ஓடுகளை இழுத்துத் தள்ளினார்கள். எட்டாம் நாள் இன்ஷூரன்ஸ் சர்வேயர் வந்தபோது முன்பக்கம் கீற்றுக் கூரை இருந்தது. "பாலிசி ஓட்டுக் கட்டடத்துக்குத்தான். இது முதலிலிருந்தே கீற்று" என்று கம்பெனி கையை விரித்துவிட்டது. பணம் வராவிட்டால் அடமானத்திலிருந்த கிடங்கு மனை ஏலத்துக்குப் போய்விடும்.

"மழைக்குப் பயந்து தீக்குப் பொறவு போட்டதுங்க" என்றாள் அமீனா பீவி.

"கீற்று யார் கொடுத்தது?" என்றார் ஜட்ஜ்.

அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுடைய வக்கீலே தலையில் கை வைத்துக்கொண்டார். எனக்கோ மண்டை வெடித்துவிடும் போலிருந்தது. ஒரு பேரைச் சொன்னால் தீர்ந்தது, ஏன் சொல்ல மாட்டேன் என்கிறாள்?

இடைவேளையில் வேப்பமரத்தடியில் போய்ப் பிடித்தேன். பக்கத்தில் எல்லா வாய்தாவுக்கும் கூடவே வருகிற ஒருத்தி, பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, மனை போனாலும் பரவாயில்லியா? அப்படி யாரு அந்த மகராசன்?"

"சொல்றதில்லேன்னு அவளுக்கு வாக்குக் குடுத்துட்டேங்க."

"அவ நல்லாருப்பாளா? நீ தெருவுல நிக்கறதப் பாத்துக்கிட்டுக் கம்முனு இருக்காளே!"

பொட்டலத்தை மடித்து வைத்துவிட்டு அந்தப் பெண் எழுந்தாள்.

"நான்தாங்க அது. செல்லாயி."

கீற்று முடைகிறவள். சிதம்பரத்துப் பந்தல் கான்ட்ராக்டர் மணவாளனுக்கு மார்கழித் திருவிழாவுக்கென்று குளத்தில் மட்டை ஊறப்போட்டிருந்தாள். மழை வந்து கயிறெல்லாம் நனைவதைப் பார்த்து, அந்த மட்டையை அள்ளி, ஒரே பகலில் முடைந்து பச்சையாகவே வேய்ந்து கொடுத்துவிட்டாள். மணவாளனிடம் மட்டையை வெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது என்று சொல்லிவிட்டாள்.

"வேணாம் செல்லாயி, உம் பொழப்பு போயிடும்" என்று அமீனா பீவி கையைப் பிடித்தாள்.

"வுடுங்க பாயம்மா. அய்யா, எம் பேர நல்லா சத்தமா கூப்புடுங்க. சிதம்பரம் வரைக்கும் கேக்கட்டும்."

அடுத்த வாய்தாவில் கூப்பிட்டேன். முதல் முறை வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. மூன்றாம் முறை வந்து கூண்டில் ஏறினாள். பொய் சொன்னதையும் சேர்த்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, சர்வேயரைப் பார்த்துக் கேட்டாள்:

"அய்யா, நீங்க பாத்தப்ப கீத்து என்னா நெறம்?"

கம்பெனி வக்கீல் எழுந்து ஆட்சேபித்தார். ஜட்ஜ் அதே கேள்வியைத் தானே கேட்டார்.

"பச்சை" என்றார் சர்வேயர். "ஈரமாகவும் இருந்தது."

"காயாத கீத்த எவனாவது ஆசப்பட்டுக் கூரைக்குப் போடுவானாங்க? ரெண்டு வாரத்துல பழுப்பாயிடும். பச்சையா இருந்திச்சின்னா அப்பதான் போட்டது."

அமீனா பீவி ஜெயித்தாள். மணவாளன் அதற்குப் பிறகு செல்லாயியிடம் ஒரு கீற்றுகூட வாங்கவில்லை. அவனைப் பார்த்து மற்றவர்களும் நிறுத்திக்கொண்டார்கள்.

மறு வருஷம் கிடங்குப் பக்கம் போனேன். பின்பக்கம் புது ஓடு. முன்பக்கம் முழுக்கக் கீற்று! எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னாம்மா இது, பைத்தியமா? கம்பெனிக்காரன் திரும்ப பாலிசி எழுதுவானா?"

"எழுத மாட்டேன்னுட்டாங்க. வேணாம்னுட்டேன்" என்றாள் அமீனா பீவி. "செல்லாயிகிட்ட வேற யாரு வாங்குவா?"

கையை நீட்டிக் கூரையின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காயவைத்து, ஆசைப்பட்டுப் போட்ட கீற்று.