நெடி வராத வத்தல்

கோவில்பட்டிப் பெருமக்களுக்கும் கடம்பூர், பசுவந்தனை வட்டாரத்து நல்லுள்ளங்களுக்கும் இதனால் அறிவிப்பது யாதெனில், தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி விஜயராஜ் வீட்டில் மிளகாய் விழுது தீர்ந்துவிட்டது.

சாதாரண விழுதா அது. அவருடைய முதல் மனைவி கோமதியம்மாள் கடைசியாக அரைத்து, நல்லெண்ணெய் மிதக்க ஜாடியில் வைத்துவிட்டுச் செத்துப்போனாள். அன்றிலிருந்து விஜயராஜ் அதை விபூதி மாதிரி விரல்நுனியில் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு இட்லி தின்றார். கண் கலங்குவது துக்கத்திலா காரத்திலா என்று கேட்கிற துணிச்சல் அவரிடம் சம்பளம் வாங்கும் யாருக்கும் இல்லை.

இனி அரைக்க வேண்டியவள் புதுமனைவி முத்துச்செல்வி.

"அவ அரைச்ச மாதிரியே இருக்கணும்," என்றார், சங்கக் கூட்டத்தில் தீர்மானம் வாசிக்கிற குரலில்.

"கைக்கு வரலைன்னா விட்ரு," என்றாள் அவருடைய அக்கா பத்திரகாளி. "அடுப்படிய நான் பாத்துக்கிடுதேன்."

அடுப்படி போனால் அந்த வீட்டில் தனக்கு மிஞ்சுவது துணி காயப்போடுகிற கொடிதான் என்பது முத்துச்செல்விக்குத் தெரியும்.

மத்தியானம் இரும்புச் சட்டியைக் காயவைத்து நாகலாபுரத்து மிளகாய் வத்தலைக் கொட்டினாள். வத்தல் வறுபட்டுக் கறுத்தது. நெடி வரவில்லை. ஒரு தும்மல்கூட இல்லை.

அந்தப் பக்கத்தில் இதற்கு ஒரே அர்த்தம்தான். கண்ணேறு கழிக்க வத்தலைச் சுற்றி நெருப்பில் போடுவார்கள். நெடி வந்தால் ஒன்றுமில்லை. வராவிட்டால் யாரோ பார்த்திருக்கிறார்கள்.

இன்னொரு கை அள்ளிப் போட்டாள். தீ மேலே இழுபட்டது. அவள் பின்னங்கழுத்து முடியை யாரோ மெல்லத் தூக்கினார்கள். சன்னலைப் பார்த்தாள், சாத்தியிருந்தது. முதுகுக்குப் பின்னால் ஒருத்தி நின்று, கிண்டுகிற கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். குறை சொன்னாலாவது தேவலை.

"கோமதியக்கா," என்றாள், திரும்பாமல். "அந்த ஜாடி உங்களுக்குத்தான். அவியளும் உங்களுக்குத்தான். எனக்கு இந்த அடுப்ப மட்டும் விட்டுத்தாங்க."

கிண்டிப் பார்த்தாள். அப்போதும் நெடி இல்லை.

நிலைப்படியில் பத்திரகாளி மூக்கை உறிஞ்சினாள். "ஏட்டி, கோமதி வறுத்தா தெருவே தும்மும். என்னட்டி இது?"

"நெடி வரலை மதினி."

பத்திரகாளி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அவ இங்கனதான் நிக்கா."

விஜயராஜ் வந்தார். வருமான வரிக்காரர்களைக்கூடக் கும்பிடாத கையை அடுப்புக்கு நேராகக் குவித்தார். "கோமதி, ஒனக்கு இஷ்டமில்லைன்னா வேண்டாம்," என்றவர் அக்காவிடம் திரும்பினார். "கரண்டிய வாங்கிக்கோக்கா."

முத்துச்செல்வி கரண்டியை நீட்டினாள்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு வினோலியா, கண்ணும் மூக்கும் ஒழுக, இருமிக்கொண்டே உள்ளே வந்தாள்.

"அண்ணாச்சி, நல்லாருப்பீங்க. கல்யாணத்துக்குன்னு புதுசா பொகைய இழுக்குத சிம்னி மாட்டுனீங்களே, அந்தக் குழாய எங்க சன்னலுக்கு நேராவா விடணும்? நடக்க ஏலாதுன்னு படுத்துக் கெடந்த எங்க மாமியாரு, எந்திரிச்சுத் தெருவுக்கு ஓடிட்டாவ."

முத்துச்செல்வி நீட்டிய கரண்டியை இழுத்துக்கொண்டு, மற்ற கையால் சிம்னியின் சுவிட்சை அணைத்தாள்.

எல்லோரும் இருமினார்கள்.